அசல் எது? கல்லூரி அம்பாசடரும் ஒரு மெட்ராஸ் கார்புரேட்டரும்

நம் கல்லூரியில் மெக்கானிகல் படித்த யாரிடமாவது "ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னாடி ஒரு வண்டி நிக்குமே..." என்று ஆரம்பித்துப் பாருங்கள். உடனே முகம் மலரும். "அந்த வெள்ளை அம்பாசடரா? இன்னுமா இருக்கு?" என்பார்கள். இருக்கிறது நண்பர்களே! இருப்பது மட்டுமல்ல, ஓடவும் செய்கிறது. அது எப்படி ஓட ஆரம்பித்தது, நடுவில் எங்களுக்குள் எத்தனை சண்டை வந்தது என்பதை எழுதச் சொல்லி மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டதால் இந்தக் கட்டுரை. எழுத்தாளன் இல்லை நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்ப்பது எஞ்சின்களுக்கு எரிபொருள் எப்போது, எவ்வளவு போக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் துறையில். கார்புரேட்டரைப் பாடப் புத்தகத்தில் படித்ததோடு சரி. என் தலைமுறைக்கு அது மியூசியம் சாமான். அப்படிப்பட்டவன் கையில்தான் இந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள்!

ஷெட்டும் கெடுவும்

வண்டி 1967-ஆம் வருஷத்து மார்க் டூ. கல்லூரி முதல்வரின் உபயோகத்துக்காக வாங்கியது. கடைசியாக ஓடியது 2004-இல். அதன் பிறகு வேப்பமரத்தடி ஷெட்டில், டயர் தரையோடு ஒட்ட, கூரை மேல் வேப்பம்பழம் கொட்ட, நின்றுகொண்டே இருந்தது. நாங்கள் படிக்கும்போது அதன் பானெட் மேல் உட்கார்ந்து டீ குடிக்காத ஆள் கிடையாது.

போன வருஷம் அந்த ஷெட்டை இடித்துவிட்டுப் புதிய கட்டடம் கட்ட நிர்வாகம் முடிவு செய்தது. பழைய இரும்புக் கடைக்காரர் வந்து பார்த்து விலையும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். விஷயம் நம் சங்கத்தின் காதுக்கு எட்டியது. நாலைந்து பேராகப் போய் நிர்வாகத்தைப் பார்த்தோம். அவர்கள் சொன்ன பதில் நியாயமானதுதான். "ஓடாத வண்டியை வைத்துக்கொண்டு என்னங்க பண்ணுவது? ரீயூனியனுக்குள் ஓட வையுங்கள், மெயின் பிளாக் முன்னால் நிறுத்த இடம் தருகிறோம். இல்லாவிட்டால் கடைக்காரரிடம் கொடுத்துவிடுவோம்."

ஆக, கெடு ஏழு மாதம். சங்கம் ஒரு சின்னக் குழு போட்டது. மூத்த முன்னாள் மாணவர்கள் நால்வர், நான், இப்போது மூன்றாம் வருஷம் படிக்கும் ஆறு மாணவர்கள், ஊரில் முப்பது வருஷமாக அம்பாசடர் பார்த்த மேஸ்திரி ஒருவர். மேஸ்திரி இல்லையென்றால் எங்கள் பட்டங்கள் எல்லாம் சேர்ந்தும் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றியிருக்காது. துருப்பிடித்த நட்டு யாருடைய டிகிரியையும் பார்ப்பதில்லை!

பானெட்டைத் திறந்ததும் பிரச்சினை

முதல் நாள் ஏர் கிளீனரைக் கழற்றியதுமே மேஸ்திரி சொன்னார்: "சார், இது இந்த வண்டியோட கார்ப் இல்ல."

அவர் சொன்னது சரி. அந்தக் கால மார்க் டூவில் கம்பெனி வைத்தது எஸ்.யு. கார்புரேட்டர். காற்று பக்கவாட்டில் நுழையும். தலையில் மணி போல ஒரு டோம் இருக்கும். எங்கள் வண்டியில் இருந்ததோ சோலெக்ஸ் 32 பி.பி.ஐ.சி. அதில் காற்று மேலிருந்து கீழே இறங்கும். அதற்குத் தோதாக இன்டேக் மேனிஃபோல்டையும் யாரோ மாற்றியிருந்தார்கள். பின்னால் வந்த அம்பாசடரின் மேனிஃபோல்டு அது.

குழு இரண்டாகப் பிரிந்தது. ஒரு கட்சி சொன்னது: "எஸ்.யு. ஒன்று தேடிப் பிடித்துப் போட வேண்டும். வின்டேஜ் வண்டி என்றால் அசலாக இருக்க வேண்டாமா?" அதற்கு ஆதாரமும் வைத்திருந்தார்கள். 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, ஐம்பது வயது தாண்டிய, அசல் வடிவத்தில் பராமரிக்கப்பட்ட, சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிதான் வின்டேஜ். அதற்குத் தனிப் பதிவும் 'வி.ஏ.' என்ற எழுத்துள்ள நம்பர் பிளேட்டும் உண்டு. "நாளைக்குப் பதிவுக்குப் போகும்போது யாராவது பானெட்டைத் திறந்து பார்த்துக் கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்றார்கள். கூடவே இன்னொரு குற்றச்சாட்டு: "சோலெக்ஸ் போட்டதிலிருந்தே வண்டி பெட்ரோல் குடிக்க ஆரம்பித்துவிட்டது என்று டிரைவர் புலம்புவார், எங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது."

மறு கட்சி: "ஏழு மாதம்தான் இருக்கிறது, கையில் இருப்பதைச் சரி செய்வோம்." எனக்கும் மனசு அந்தப் பக்கம்தான். ஆனால் நேரமில்லை என்பது சாக்கு, வாதம் ஆகாது. எனவே முதலில் இந்த இரண்டு கார்புரேட்டர்களின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கே ஆச்சரியம்.

கொஞ்சம் சரித்திரம்

கார்புரேட்டரின் வேலை சொல்லச் சுலபம். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். அந்த விகிதத்தில் கலந்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். செய்வதுதான் கஷ்டம். ஏனென்றால் எஞ்சின் ஒரு நிமிஷம் நின்ற இடத்தில் முனகும்; அடுத்த நிமிஷம் மேட்டில் ஏறும்.

1886-இல் கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர வண்டிக்குப் பதிவுரிமை பெற்றபோது அதில் இருந்தது மிக எளிய ஏற்பாடு. பெட்ரோலின் மேற்பரப்பில் காற்றை ஓட விட்டு ஆவியை எடுத்துக்கொள்வது. 1888-இல் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களைக் கூட்டிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குச் சுமார் நூறு கிலோமீட்டர் அந்த வண்டியை ஓட்டிப் போனார். வழியில் ஒரு மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரி செய்தார் என்று சொல்வார்கள். ஆக, நடுரோட்டில் அடைப்பு எடுத்த முதல் மெக்கானிக் ஒரு பெண்மணி! இன்றைக்கு நம் மெக்கானிகல் வகுப்பில் படிக்கும் தங்கைகள் இதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1893-இல் ஹங்கேரியில் டோனாட் பாங்கி, யானோஷ் சோன்கா என்ற இருவர், பெட்ரோலை நுண்ணிய துளை வழியாகக் காற்றோட்டத்தில் தெளிக்கும் முறைக்குப் பதிவுரிமை பெற்றார்கள். அதே வருஷம் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும் தனியாக அதே வழியைக் கண்டுபிடித்தார். குறுகலான இடத்தில் காற்று வேகமாகப் போனால் அங்கே அழுத்தம் குறையும் என்பதை 1738-இல் பெர்னூலியும், 1797-இல் வென்ச்சூரியும் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் அரியர் வைத்தவர்களுக்கு இந்த இரண்டு பேரையும் மறக்க முடியாது!

இங்கிருந்துதான் இரண்டு பரம்பரைகள் பிரிகின்றன.

செருப்புக் கடைக்காரரின் கார்புரேட்டர்

எஸ்.யு. என்றால் 'ஸ்கின்னர்ஸ் யூனியன்'. ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் என்ற ஆங்கிலேயர் 1900-களின் தொடக்கத்தில் இதை உருவாக்கினார். 1910-இல் கம்பெனி ஆனது. அவர்கள் குடும்பத் தொழில் லில்லி அண்ட் ஸ்கின்னர் என்ற செருப்புக் கடை. அதனால்தானோ என்னவோ, முதல் எஸ்.யு.வில் மேலும் கீழும் அசையும் பகுதி தோலால் செய்த துருத்தி! பிற்பாடுதான் அது உலோகப் பிஸ்டன் ஆனது.

எஸ்.யு.வின் தத்துவம்: காற்று போகும் வழியின் அளவே மாறும். எஞ்சின் அதிகம் இழுத்தால் பிஸ்டன் தானாக உயரும். பிஸ்டனோடு சேர்ந்து ஒரு கூம்பு ஊசி ஜெட்டிலிருந்து மேலே வரும். ஊசி மெலிய மெலிய இடைவெளி கூடும், பெட்ரோல் கூடும். ஒரே ஜெட், ஒரே ஊசி. மிக அழகான ஏற்பாடு.

1926-இல் வில்லியம் மோரிஸ் அந்தக் கம்பெனியை வாங்கினார். சொந்தக் கடைச் சரக்கு இருக்கும்போது வெளியில் ஏன் வாங்க வேண்டும்? மோரிஸ் கார்களில் எஸ்.யு. நிலைத்துவிட்டது. நம் அம்பாசடர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸின் வாரிசு. 1942-இல் பி.எம். பிர்லா தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் முதலில் குஜராத்தின் ஓகா துறைமுகத்திலும், 1948 முதல் வங்காளத்தின் உத்தர்பாராவிலும் மோரிஸ் வண்டிகளைத் தயாரித்தது. 1957-இல் அம்பாசடர் வந்தது. 1959-இல் பழைய சைட்-வால்வ் எஞ்சின் போய் 1489 சி.சி. ஓவர்ஹெட் வால்வ் எஞ்சின் வந்தது. 55 குதிரை சக்தி. அதன் மேல் எஸ்.யு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதே 1489 சி.சி. எஞ்சினை இங்கிலாந்திலேயே ஆஸ்டின் ஏ50 காரில் வைத்தபோது கார்புரேட்டர் எஸ்.யு. அல்ல, ஜெனித்! ஆஸ்டினும் மோரிஸும் 1952-இல்தான் ஒரே கம்பெனியாக இணைந்தன. ஒரே எஞ்சினுக்கு இரண்டு வீட்டுப் பழக்கம். அதாவது எஞ்சினுக்கு எஸ்.யு.தான் வேண்டும் என்று தலையில் எழுதியிருக்கவில்லை. யார் கம்பெனியை யார் வாங்கினார்கள் என்பதும் சேர்ந்துதான் 'அசல்' எது என்று தீர்மானித்தது.

பாரிஸ் நண்பர்களும் மெட்ராஸும்

சோலெக்ஸின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். மொரிஸ் குடார், மார்செல் மென்னெசோன் என்ற இரண்டு பிரெஞ்சு எஞ்சினீயர்கள். இருவரும் பாரிஸின் எக்கோல் சென்ட்ரால் கல்லூரியின் பழைய மாணவர்கள். சேர்ந்து தொழில் தொடங்கினார்கள். முதலில் செய்தது ரேடியேட்டர். பிறகுதான் கார்புரேட்டருக்கு வந்தார்கள். 1946-இல் எஞ்சின் வைத்த சைக்கிள் ஒன்றையும் விட்டார்கள், 'வெலோசோலெக்ஸ்' என்று பெயர். காலேஜ் நட்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் உதாரணம்!

சோலெக்ஸில் காற்று வழியின் அளவு மாறாது. வென்ச்சூரி நிலையானது. ஆகவே ஒவ்வொரு நிலைமைக்கும் ஒரு தனி ஏற்பாடு வேண்டும். ஐடிலிங்குக்கு பைலட் ஜெட், ஓட்டத்துக்கு மெயின் ஜெட், வேகம் கூடும்போது கலவையைச் சரிக்கட்ட ஏர் கரெக்‌ஷன் ஜெட், திடீரென்று மிதித்தால் பெட்ரோலைப் பீய்ச்ச ஆக்ஸிலரேட்டர் பம்ப், குளிரில் கிளப்ப தனியாக ஒரு ஸ்டார்ட்டர். எஸ்.யு. ஒரே சமையல்காரர் வைத்த வீடு. சோலெக்ஸ் ஆளுக்கொரு வேலை பார்க்கும் கல்யாண வீட்டுச் சமையல்கட்டு.

இந்த சோலெக்ஸ் நம்ம ஊருக்கு எப்படி வந்தது? 1950-களில் அரசாங்கம் ஒரு முடிவு எடுத்தது. பாகங்களை இறக்கிப் பூட்டி விற்பது போதாது, உள்நாட்டிலேயே தயாரிக்கும் திட்டம் உள்ளவர்கள்தான் தொழிலில் இருக்கலாம். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் அப்போது கடையைக் கட்டின. இருந்தவர்கள் ஒவ்வொரு பாகத்தையும் இந்தியாவில் செய்ய ஆள் தேட வேண்டியிருந்தது. அப்படி வளர்ந்த தொழில்களில் ஒன்றுதான் மெட்ராஸில் இருந்த கார்புரேட்டர்ஸ் லிமிடெட். சோலெக்ஸ் உரிமத்தோடு கார்புரேட்டர் செய்தார்கள். அதே நிறுவனம்தான் 1985-இல் ஜப்பானின் மிகுனியோடு கைகோர்த்து யூகால் நிறுவனத்தைத் தொடங்கியது. பின்னால் வந்த பெட்ரோல் அம்பாசடர்களிலும், பிரிமியர் பத்மினியிலும் சோலெக்ஸ் இருந்தது இப்படித்தான்.

எனவே எங்கள் வண்டியில் இருந்தது 'போலி' அல்ல. எஸ்.யு. இங்கிலாந்திலிருந்து வண்டியோடு வந்த சொத்து. சோலெக்ஸ் இந்தியா தன் காலில் நிற்கப் பழகியபோது கிடைத்த சொத்து. இதைக் குழுவில் சொன்னேன். "பேச்சு நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா நம்ம வண்டியில யார் மாத்தினா, ஏன் மாத்தினா? அது தெரியாம எப்படி?" என்று கேட்டார் எஸ்.யு. கட்சித் தலைவர். நல்ல கேள்வி.

பதில் கிடைத்த இடம்

பதில் ஒரு வாட்ஸ்அப் செய்தியில் வந்தது. 1985-ஆம் வருஷத்து பேட்ச் சீனியர் ஒருவர், இப்போது ரிட்டயர் ஆகி கோயம்புத்தூரில் இருப்பவர், போட்டோவைப் பார்த்துவிட்டு எனக்கே போன் செய்தார்.

"தம்பி, அதை மாத்தினது நாங்கதான்பா! பைனல் இயர். ஐ.சி. எஞ்சின் லேப் இன்ஸ்ட்ரக்டர் சார் இருந்தாரே, அவரோட. எஸ்.யு.வோட பிஸ்டன் தேஞ்சு போய் அப்பப்ப சிக்கிக்கும். பிரின்சிபல் ரெண்டு தடவ நடுரோட்டுல நின்னுட்டார். ஸ்பேருக்கு எழுதிப் போட்டாங்க, மாசக்கணக்கா வரல. சார் எங்க மூணு பேரை புதுப்பேட்டைக்குக் கூட்டிட்டுப் போனார். நாள் பூரா அலைஞ்சு ஒரு மேனிஃபோல்டு பிடிச்சோம். ஜி.பி. ரோட்டுல புது சோலெக்ஸ். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டோட ஒட்டுற முகத்தை நானே அரம் போட்டேன்."

"அப்போ அந்தப் பழைய எஸ்.யு. என்ன ஆச்சுங்கண்ணா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "ஏம்பா, லேப்ல அதை நீங்க படம் வரையலையா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. நம் எல்லோருக்கும் தெரியும் அது! ஐ.சி. எஞ்சின் லேப் கண்ணாடி அலமாரியில், மேல் தட்டில், பாதி வெட்டி, வெட்டு முகத்துக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, மரப்பலகையில் திருகி வைத்திருக்கும் கட் செக்‌ஷன் மாடல். பிஸ்டனை விரலால் தூக்கினால் ஊசி மேலே வரும். ரெக்கார்டு நோட்டில் அதை வரைந்து கையெழுத்து வாங்காமல் யாரும் அந்த லேபைத் தாண்டியதில்லை. அதுதான் நம் காரின் அசல் கார்புரேட்டர். ஸ்டாக் ரெஜிஸ்டரைப் புரட்டியபோது இன்ஸ்ட்ரக்டர் சாரின் குண்டு எழுத்தில் ஒரே வரி இருந்தது: அம்பாசடரிலிருந்து கழற்றிய கார்புரேட்டர், மாடலாக்கப்பட்டது.

அன்றைக்குச் சாயங்காலக் கூட்டத்தில் விவாதம் அதிக நேரம் நடக்கவில்லை. எஸ்.யு. பதினேழு வருஷம் வண்டியை ஓட்டிவிட்டு, நாற்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறது. எங்கிருந்தோ இன்னொரு எஸ்.யு. வாங்கிப் போட்டால் அது மாடலில் அசலாக இருக்கலாம். நம் வண்டிக்கு அந்நியம்தானே? எஸ்.யு. கட்சித் தலைவரே சொன்னார்: "சரிப்பா, சோலெக்ஸையே ரெடி பண்ணுங்க. ஆனா பெட்ரோல் குடிக்கிற விஷயத்துக்குக் காரணம் கண்டுபிடிக்கணும்."

பிரித்து மேய்ந்த கதை

டேங்கைக் கழுவி, பாயின்ட், பிளக் மாற்றி, எஞ்சின் கையால் சுற்றுகிறதா என்று பார்த்த பிறகு சோலெக்ஸை மேசைக்குக் கொண்டுவந்தோம். இன்றைய மாணவர்கள் செய்து பார்க்க விரும்பினால் உதவும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை படம் எடுப்பது. எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டையில் என்று ஒரு அட்டையில் குத்தி வைத்தோம். காய்ந்த பெட்ரோல் உள்ளே வார்னிஷ் மாதிரி ஒட்டியிருந்தது. கார்ப் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, ஒவ்வொரு வழியும் திறந்திருக்கிறதா என்று மறுமுனையில் விரல் வைத்துப் பார்த்தோம்.

அடுத்து மூடி. பல பேர் பல வருஷம் ஸ்க்ரூவை இறுக்கி இறுக்கி மூடியின் முகம் வளைந்திருந்தது. சர்ஃபேஸ் பிளேட்டில் எமரி தாளை விரித்து, எட்டு வடிவத்தில் தேய்த்துச் சமன் செய்தோம்.

மிதவை பித்தளை. ஆட்டினால் உள்ளே பெட்ரோல் சத்தம். வெந்நீரில் முக்கினால் குமிழி வரும் இடத்தில் ஓட்டை. உள்ளே இருப்பதை முழுதும் வெளியேற்றி, வெந்நீரில் திரும்பத் திரும்பப் போட்டு ஆவி துளியும் இல்லை என்று உறுதியான பிறகுதான் ஈயம் பற்ற வைக்க வேண்டும். அவசரப்பட்டால் கையில் வெடிக்கும். ஈயம் அதிகமானால் மிதவை கனத்து, பெட்ரோல் மட்டம் ஏறிவிடும். ஆகவே பற்ற வைக்கும் முன்னும் பின்னும் கெமிஸ்ட்ரி லேப் தராசில் எடை பார்த்தோம்.

பெரிய வேலை திராட்டில் ஷாஃப்ட். அது சுழலும் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. அந்த இடைவெளியில் திருட்டுக் காற்று நுழைந்தால் ஐடிலிங் ஒருநாளும் நிற்காது. துளையைப் பெரிதாக்கி வெண்கல புஷ் அடித்தோம். புது ஷாஃப்டை நம் ஒர்க்‌ஷாப் லேத்திலேயே மாணவர்கள் கடைந்தார்கள். முதல் இரண்டு வீணாயின, மூன்றாவது சரியாக உட்கார்ந்தது. "லிமிட்ஸ் அண்ட் ஃபிட்ஸ் பரீட்சைக்கு மட்டும்னு நெனச்சேன் சார்" என்றான் ஒரு தம்பி. எனக்கும் அந்த வயதில் அதே நினைப்புதான்.

பிறகு ஜெட். மெயின் ஜெட்டில் 120 என்று பொறித்திருந்தது, அதாவது 1.20 மி.மீ. துளை. 1.20 மி.மீ. டிரில்லின் பின்பக்கத்தை நுழைத்தால் லொடலொட என்று ஆடியது. 1.30 மி.மீ. டிரில்லும் போய்விட்டது! லென்ஸ் வைத்துப் பார்த்தால் உள்ளே கம்பி கிழித்த கோடுகள். அடைப்பு எடுக்கிறேன் என்று யாரோ, பல தடவை, இரும்புக் கம்பியால் குத்தியிருக்கிறார்கள். பித்தளை மிருதுவானது, இரும்பு அதைத் தின்றுவிடும். கணக்குப் போட்டால் துளையின் பரப்பு 17 சதவீதம் கூடியிருக்கிறது. வண்டி பெட்ரோல் குடித்ததற்கு இதுவே போதுமான காரணம். சோலெக்ஸ் பாவம், இருபது வருஷம் பழி சுமந்திருக்கிறது!

ஜெட்டைக் காற்றாலும் கிளீனராலும்தான் சுத்தம் செய்ய வேண்டும். கம்பி கூடவே கூடாது. தொப்பி ஊசி பெர்த்தா அம்மையாரின் குழாய்க்குத்தான் சரி.

எத்தனால் கணக்கு

புது 120 ஜெட் வாங்கிப் போட்டுவிட்டால் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இங்கேதான் என் வேலை அனுபவம் கொஞ்சம் கைகொடுத்தது. 1967-இல் இந்த வண்டி குடித்த பெட்ரோல் வேறு, இன்றைக்குப் பங்கில் கிடைப்பது வேறு. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி நாடு முழுக்கப் பரவிவிட்டது.

எத்தனாலின் உள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் அதற்குக் காற்று குறைவாகப் போதும். ஒரு பங்குக்கு 9 பங்கு. இ20-க்குக் கணக்குப் பார்த்தால் 14.7 என்பது சுமார் 13.5 ஆகிறது. அதாவது அதே காற்றுக்கு ஏறக்குறைய 9 சதவீதம் எரிபொருள் கூடுதலாகப் போக வேண்டும். புது வண்டியில் இதைச் சென்சார் பார்த்துக்கொள்ளும். சோலெக்ஸுக்குச் சென்சார் ஏது? ஜெட்டைத்தான் மாற்ற வேண்டும். 120-க்குப் பதில் 125. பரப்பு வித்தியாசம் 8.5 சதவீதம். கேட்டதும் கிடைத்ததும் இவ்வளவு பொருந்தியதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது மாணவர்கள் கை தட்டினார்கள். எனக்கல்ல, கணக்குக்கு.

இதே எத்தனால் பழைய ரப்பரை ஊதவோ இறுகவோ செய்யும். ஆகவே பம்ப் டயாஃப்ரம், பெட்ரோல் ஹோஸ் எல்லாம் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றினோம். ஆமாம், 1967 வண்டியில் இதுவும் 'அசல்' இல்லைதான். இந்த முறை யாரும் சண்டை போடவில்லை.

கிளம்பியது!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எல்லோரும் கூடிவிட்டோம். ஸ்டார்ட்டர் நாபை இழுத்து, சாவி திருப்பி, ஒரு தம்பி ஆக்ஸிலரேட்டரை மிதி மிதி என்று மிதித்தான். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி. பிடிக்கவில்லை. பேட்டரி இறங்க ஆரம்பித்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மேஸ்திரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "தம்பி, காலை எடு." அவ்வளவுதான் சொன்னார். காரணம் பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. சோலெக்ஸின் ஸ்டார்ட்டர் தனிக் குட்டிக் கார்புரேட்டர் மாதிரி. திராட்டில் மூடியிருந்தால்தான் அந்தத் துளையில் உறிஞ்சும் வேகம் கிடைக்கும். மிதித்தால் அது செத்துவிடும். புத்தகத்தில் இருக்கிறது, நான் படித்தும் இருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது மேஸ்திரிக்குத்தான்.

தம்பி காலை எடுத்தான். சாவியைத் திருப்பினான். ஒரு இருமல், இரண்டு இருமல்... வேப்பமரத்துக் காக்கை எல்லாம் பறந்துபோக, இருபது வருஷத்துக்குப் பிறகு அந்த எஞ்சின் பேசியது! கோயம்புத்தூர் சீனியருக்கு வீடியோ கால் போட்டிருந்தோம். அவர் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இன்ஸ்ட்ரக்டர் சார் இன்று இல்லை, இருந்திருந்தால் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்றா இரண்டு சுற்றா என்று எங்களைக் கேள்வி கேட்டு வாட்டியிருப்பார்.

அசல் எது?

இந்த மலர் உங்கள் கையில் இருக்கும்போது வண்டி மெயின் பிளாக் முன்னால் நிற்கும். பானெட் திறந்திருக்கும். எட்டிப் பாருங்கள். கார்புரேட்டர் பக்கத்தில் ஒரு சின்னப் பலகை வைத்திருக்கிறோம். "வண்டியோடு வந்தது எஸ்.யு., இப்போது ஐ.சி. எஞ்சின் லேபில் உள்ளது. இந்த சோலெக்ஸ் கல்லூரியின் 1985 பேட்ச் மாணவர்கள் பொருத்தியது" என்று எழுதியிருக்கிறது. வின்டேஜ் பதிவுக்கு விண்ணப்பிக்கும்போதும் இதையே மறைக்காமல் எழுதப் போகிறோம். ஏற்றுக்கொண்டால் சந்தோஷம், இல்லாவிட்டாலும் வண்டி நம்முடையதுதான்.

உத்தர்பாராவில் 2014 மே மாதத்தோடு அம்பாசடர் தயாரிப்பு நின்றுவிட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்ததும் புது மோட்டார் சைக்கிள்களிலிருந்தும் கார்புரேட்டர் ஏறக்குறைய விடைபெற்றுவிட்டது. இன்றைய மாணவர்கள் ரோட்டில் அதைப் பார்ப்பது வர வர அபூர்வமாகும். ஆனால் நம் கல்லூரியில் இரண்டு இருக்கின்றன. ஒன்று ஓடுகிறது, ஒன்று பாடம் சொல்கிறது.

ரீயூனியன் முடிந்து ஊர் திரும்பும் முன் லேபுக்கும் ஒரு நடை போய்வாருங்கள். அந்தச் சிவப்புப் பெயின்ட் மாடலின் பிஸ்டனை விரலால் ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். இப்போதும் அது மெதுவாகத்தான் இறங்குகிறது.